நாற்சந்தியிலிருந்து முட்டுச்சந்துக்கு

டிஸ்கி: நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருவது உத்தமம். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பயந்து ஓடிவிடாதீர்கள்.

முச்சந்தி, நாற்சந்தி, முட்டுச்சந்து. இந்த மூணு வார்த்தையும் தெரியாத தமிழர் இருக்க முடியாது. முச்சந்தியில் பூசணிக்காய் உடைப்போம். நாற்சந்தியில் சிலை வைப்போம். முட்டுச்சந்தில் வைத்துதான் படத்துக்குப் படம் வடிவேலுவை மடக்கி அடிப்பார்கள். ஆனா இந்த மூணுமே சுத்தமான கணித வார்த்தைகள் என்று சொன்னால் நம்புவீங்களா?

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு டிஸ்க்ரீட் மேத்ஸ் பேப்பரில் கிராஃப் தியரி என்று ஒன்று வந்திருக்கும் (அரியர் வைத்தவர்களுக்கு இரண்டு தடவை வந்திருக்கும்). புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான் விஷயம். ஒரு புள்ளியில் எத்தனை கோடு வந்து சேருகிறதோ அதுதான் அதன் டிகிரி. முட்டுச்சந்து என்றால் டிகிரி ஒண்ணு. முச்சந்தி மூணு, நாற்சந்தி நாலு. இந்தக் கணக்கே தெருவில் பிறந்ததுதான். 1736-ல் ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து முடிக்க முடியுமா என்று யோசித்தார். முடியாது என்று நிரூபித்தார். அங்கே ஆரம்பித்தது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பத்து கட்டம் போட்ட ஒரு ஊர். நூறு சந்திப்புகள், 180 தெருத்துண்டுகள். சராசரி டிகிரி 3.6. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக, ஒரே தூரமுள்ள குறுக்குவழிகள் மட்டும் 48,620. ஒரு தெருவில் பந்தல் போட்டு அடைத்தாலும் கவலையில்லை, அடுத்த தெருவில் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கலாம். இன்னொரு ஊர், அதே நூறு சந்திப்பு. ஆனா தெருக்கள் மரத்தின் கிளை மாதிரி. மெயின் ரோடு, அதிலிருந்து பிரியும் தெரு, அதிலிருந்து பிரியும் சந்து. மொத்தம் 99 தெருத்துண்டு. சராசரி டிகிரி 1.98. எங்கிருந்து எங்கே போவதானாலும் வழி ஒன்றே ஒன்று. அந்த வழியில் ஒரு லாரி படுத்துவிட்டால் ஊர் இரண்டு துண்டு.

ஒரு ஊர் வளரும்போது அதன் தெருக்கள் முதல் ஊர் மாதிரி வளர்கிறதா, இரண்டாவது ஊர் மாதிரியா என்பதுதான் என் கேள்வி. சென்னையை எடுத்துக்கொள்கிறேன், நான் குடியிருக்கும் ஊர் என்பதால். 1901-ல் சுமார் 5 லட்சம் பேர் இருந்த ஊர் இது. 1951-ல் 14 லட்சம். 2011 கணக்கெடுப்பில் பெருநகரப் பகுதி மொத்தத்துக்கும் 86 லட்சம். ஒவ்வொரு கட்டத்திலும் ஊர் ஒரு புது மோதிரம் போட்டுக்கொண்டது. ஒவ்வொரு மோதிரத்திலும் தெரு வேற மாதிரி.

*

ஜார்ஜ் டவுனிலிருந்து ஆரம்பிப்போம். பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி வடக்கே பார்த்தால் வரிசையாக நீளத் தெருக்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, இன்னும் மேற்கே போனால் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தங்கசாலை. குறுக்கே நூல் பிடித்த மாதிரி சின்னச் சின்னத் தெருக்கள். தொலைந்து போவது கஷ்டம். தப்பாகத் திரும்பினாலும் அடுத்த சந்தில் சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் இருந்த கறுப்பர் நகரம் இது இல்லை. அது கோட்டைக்கு ஒட்டி வடக்கே, இன்றைக்கு உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் திரும்பக் கிடைத்தபோது கம்பெனிக்கு ஞானோதயம்: கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருந்தால் எதிரி அதில் ஒளிந்துகொண்டு சுடுவான். 1750-களில் பழைய கறுப்பர் நகரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கி சுட வசதியாக வெறும் மைதானம். அதற்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் எல்லைக் கற்கள் நட்டார்கள், அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் இருக்கிறது. ஜனங்கள் எல்லாரும் வடக்கே ஏற்கெனவே இருந்த முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அதுவே புதுக் கறுப்பர் நகரம். 1911-ல்தான் ஜார்ஜ் டவுன் என்று நாகரிகமான பேர் வந்தது.

இரண்டு பேட்டைக்கும் நடுவே ஒரு பள்ளம், சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் போபம் என்ற வக்கீல் அந்த இடத்தைத் தூர்த்து ஒரு தெரு போட்டார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஒரு ஆள், ஒரு பள்ளத்தை மூடினார், இரண்டு தனித்தனி கிராஃப் ஒன்றாகிவிட்டது. என்னைக் கேட்டால் சென்னையின் முதல் நெட்வொர்க் இன்ஜினியர் அந்த வக்கீல்தான் :-)

இதைப் படித்துவிட்டு "ஆஹா, அந்தக் காலத்தில் எல்லாரும் ஒண்ணுமண்ணா இருந்தாங்க" என்று யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்ளும் முன் ஒரு தகவல். 1707-ல் வலங்கை, இடங்கை சாதிகளுக்குள் பெரிய சண்டை. யார் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதும் அதில் ஒரு தகராறு. கவர்னர் தாமஸ் பிட் பஞ்சாயத்து பண்ணி வலங்கைக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துவிட்டார். வரைபடத்தில் தெரு திறந்திருக்கும், நடக்க உரிமை இருக்காது. கோடு இருந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. இது கிராஃப் தியரி சொல்லித்தராத விஷயம்.

ஆனாலும் தெரு அடைபடவில்லை. அதற்கு நான் நினைக்கும் காரணம் ரொம்பச் சாதாரணமானது. எல்லாரும் நடந்தார்கள். மூட்டை சுமப்பவருக்கு அரை மைல் சுற்றிப் போவது அரை மைல் வலி. கடைக்காரருக்கு நாலு பக்கமும் ஆள் வந்தால்தான் வியாபாரம். முட்டுச்சந்தில் கடை வைத்தால் ஈ ஓட்டணும். மயிலாப்பூரில் நாலு மாட வீதியும் கோயிலையும் குளத்தையும் சுற்றி மூடிய வட்டமாக ஓடுவதும் அப்படித்தான், தேர் போன வழியே திரும்பி வர முடியாதே.

*

அடுத்த மோதிரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். டவுன் பிளானிங் என்ற வார்த்தை ஊருக்குள் வந்த கதையே சுவாரசியமானது. பேட்ரிக் கெட்டீஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் நகரங்களைப் பற்றிய ஒரு பெரிய கண்காட்சியைக் கப்பலில் ஏற்றி 1914-ல் இந்தியாவுக்கு அனுப்பினார். வரைபடங்கள், படங்கள், மாதிரிகள், வருஷக்கணக்கில் சேர்த்தது. அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது யார் தெரியுமா? நம்ம ஊர் மேல் குண்டு போட்ட அதே எம்டன்! மனுஷன் அசரவில்லை. நண்பர்களை விட்டு மறுபடி எல்லாம் சேகரித்து 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். 1920-ல் மதராஸ் நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் வந்த சூட்டோடு பிறந்ததுதான் தியாகராய நகர். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் தாண்டி நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வற்றவைத்துப் போட்ட ஊர். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றும் டேங்க் பண்ட் ரோடு என்றும் இருப்பதெல்லாம் அந்த ஏரியின் ஆவி. பனகல் பார்க்கை நடுவில் வைத்து உஸ்மான் ரோடு, ஜி.என்.செட்டி ரோடு, வெங்கடநாராயணா ரோடு, பாண்டி பஜார் இருக்கும் தியாகராயா ரோடு எல்லாம் சக்கரத்தின் ஆரம் மாதிரி பிரியும். ஆரங்களுக்கு நடுவே சின்னத் தெருக்கள். நீதிக்கட்சித் தலைவர்கள் பேரெல்லாம் தெருப்பலகையில்.

இங்கே முக்கியமான வித்தியாசம், பென்சில் ஒரே கையில் இருந்தது. அரசாங்கம் மொத்த ஏரியையும் எடுத்து, முதலில் தெருவை வரைந்து, பிறகுதான் மனையை விற்றது. தெரு முதல், மனை பிறகு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வேணும்.

ஒரே ஒரு குறை, மேற்கே ரயில் பாதை. அது நகருக்கு முன்னாலிருந்தே இருந்தது. அதன் அந்தப் பக்கம் மேற்கு மாம்பலம், இந்தப் பக்கம் தி.நகர். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கும் கூட்டம் தி.நகருக்குள் நுழைய நேர்வழி ரங்கநாதன் தெரு. நூறு வழியில் பிரிய வேண்டிய ஜனம் ஒரே குழாயில். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நாம் நடப்பதில்லை, நம்மை நடத்திக்கொண்டு போகிறார்கள். அங்கே ஜவுளிக்கடைகள் மலை மாதிரி எழும்பியதற்குக் கடைக்காரர்கள் திறமை ஒரு பக்கம், அந்த ஒற்றை வழி ஒரு பக்கம். 2023-ல் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஆகாய நடைபாதை கட்டினார்கள். கிராஃபில் இன்னொரு கோடு சேர்க்க எவ்வளவு செலவு பாருங்க.

அண்ணா நகரும் ஒரே பென்சில் கதைதான். 1968-ல் அங்கே பெரிய தொழில் வர்த்தகக் கண்காட்சி நடந்தது, டவர் அப்போது கட்டியது. பிறகு வீட்டு வசதி வாரியம் அந்த இடத்தை வளர்த்தது. அகலமான அவென்யூக்கள், அதற்குள் மெயின் ரோடு, அதற்குள் குறுக்குத் தெரு, எல்லாத்துக்கும் நம்பர். ஜார்ஜ் டவுன் அளவுக்கு நெருக்கமான பின்னல் இல்லை. கார், ஸ்கூட்டர் வரும் என்று எதிர்பார்த்துப் போட்டது, கட்டங்கள் பெரிசு. ஆனா ஒரு தெருவில் நுழைந்தால் இன்னொரு பக்கம் வெளியே வரலாம். ஒரு சராசரி அண்ணா நகர்வாசிக்கு இது பெரிய விஷயமாகவே தெரியாது. மீனுக்குத் தண்ணி மாதிரி.

*

ஓ.எம்.ஆருக்குப் போகும் முன் ஒரு எட்டு அமெரிக்கா போய் வரணும். ஏனென்றால் முட்டுச்சந்தை ஆசைப்பட்டுக் கட்டிய தேசம் அது.

அமெரிக்காவும் கட்டத்தில்தான் ஆரம்பித்தது. 1682-ல் பிலடெல்பியா. 1811-ல் மன்ஹாட்டனுக்கு 12 அவென்யூ, 155 தெரு என்று, பாதி இடம் வயலும் பாறையுமாக இருக்கும்போதே கோடு போட்டுவிட்டார்கள். கார் வந்ததும் கதை மாறியது. தெருவில் விளையாடும் பிள்ளைகள் கார் மோதிச் செத்தார்கள். 1929-ல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்தார்கள். கார் வரும் தெருவெல்லாம் முட்டுச்சந்து, வீட்டின் மறுபக்கம் பூங்கா, பூங்கா வழியாக நடைபாதை. பெரிய சாலையின் அடியில் சுரங்கப்பாதைகூட உண்டு. காருக்கு மரம், காலுக்குப் பின்னல். அருமையான யோசனை.

1934-ல் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தரும் ஒரு அரசு அமைப்பு வந்தது. அது அந்தப் பத்தாண்டிலேயே வெளியிட்ட வழிகாட்டிகளில் கட்டத் தெரு வேண்டாம், வளைவும் முட்டுச்சந்தும் நல்லது என்றது. கடன் வேணும்னா சொன்னபடி கேட்கணும் இல்லையா? பில்டர்கள் கேட்டார்கள். ஆனா ராட்பர்னிலிருந்து முட்டுச்சந்தை மட்டும் காப்பியடித்தார்கள், நடைபாதையை விட்டுவிட்டார்கள். (ஓப்பன் சோர்ஸ் கோடிலிருந்து பாதி ஃபங்ஷனை மட்டும் எடுத்து ஒட்டும் நண்பர்கள் ஞாபகம் வருகிறதா?)

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நான் மேலே சொன்ன அதே டிகிரி கணக்கை வைத்து அமெரிக்கத் தெருக்களின் நூறு வருஷ வரலாற்றை அளந்தார்கள். 2015-ல் வந்த முடிவு: இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் புதுத் தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வந்து 1994 வாக்கில் மோசத்தின் உச்சத்தைத் தொட்டது, பிறகு திரும்பியது. 2020-ல் உலகம் முழுக்க அளந்து இன்னொரு கட்டுரை. அதில் 1975-லிருந்து உலகத்தின் பெரும்பகுதியில் புதுத் தெருக்கள் துண்டுபட்டுக்கொண்டே போகின்றன. தென்கிழக்கு ஆசியா அதில் ஒரு முக்கிய உதாரணம். தென் அமெரிக்காவில் பல இடத்திலும் ஜப்பானிலும் பின்னல் தாக்குப்பிடிக்கிறது. ஆக, ஊர் பெரிசானால் தெரு உடைந்தே தீரும் என்று இயற்கை விதி எதுவும் கிடையாது. அமெரிக்கா திரும்பியது, வேற சிலர் அந்தப் பக்கமே போகவில்லை.

*

இப்போ ஓ.எம்.ஆர். பழைய மகாபலிபுரம் சாலை, அரசாங்கப் பேர் ராஜீவ் காந்தி சாலை. 2000-ல் டைடல் பார்க் திறந்ததும் என்னைப் போன்ற ஜீவன்கள் தெற்கே நகர ஆரம்பித்தார்கள். சாலை ஆறு வழியானது. இரண்டு பக்கமும் என்ன இருந்தது? வயல், ஏரி, கிராமம். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டினால் ஈ.சி.ஆர். ஓ.எம்.ஆரும் ஈ.சி.ஆரும் பல இடங்களில் கூப்பிடு தூரம். ஆனா கடக்கணும்னா சோழிங்கநல்லூர், இல்லாட்டி கேளம்பாக்கம் என்று போகணும். நடுவில் பாலங்கள் சொற்பம். காகத்துக்குப் பத்து நிமிஷம், நமக்கு முக்கால் மணி நேரம்.

சதுப்பு நிலமும் கால்வாயும் சரி, இயற்கையும் வரலாறும் போட்ட தடை. மீதி இடத்தில் நடந்தது வேற. ஒருத்தரிடம் மூணு ஏக்கர் வயல். விவசாயம் படுத்துவிட்டது. புரமோட்டர் வருகிறார். அந்த சர்வே நம்பருக்குள் மட்டும் ஒரு லேஅவுட் போடுகிறார். அவருடைய கணக்கு சுலபம். தெருவுக்குப் போகும் ஒவ்வொரு அடியும் விற்க முடியாத அடி. அதனால் மெயின் ரோட்டைத் தொட ஒரே ஒரு நுழைவு, உள்ளே சீப்பு மாதிரி நாலு தெரு, ஒவ்வொன்றும் வேலியில் போய் முட்டி நிற்கும். இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து வயல்காரர் வேறொரு புரமோட்டரிடம் விற்கிறார். அவர் போடும் தெரு இந்தத் தெருவுக்கு நேராக வராது. வந்தாலும் நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர். "ஃபர்ஸ்ட் மெயின் ரோடு" என்று பலகை இருக்கும், அது மெயினும் இல்லை, ரோடும் நூறு மீட்டரில் தீர்ந்துவிடும்.

தி.நகரில் தெரு முதல், மனை பிறகு. இங்கே மனை முதல், மீந்தது தெரு. பென்சில் ஆயிரம் கையில்.

இதில் ஒரு தமாஷ் உண்டு. மனை வாங்கப் போனால் நம்மாட்கள் முதலில் கேட்பது "தெருக்குத்து இருக்கா சார்?" என்றுதான். தெரு நேராக வந்து வீட்டு வாசலில் முட்டினால் ஆகாது, பிள்ளையார் வைக்கணும். நாற்சந்தி நிறைய இருக்கும் ஊரில் தெருக்குத்து மனை குறைவு. லேஅவுட்டுகள் சீப்பாக வளர வளர முச்சந்தியும் முட்டுச்சந்தும் பெருகும், தெருக்குத்தும் பெருகும். பின்னல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க சாட்டிலைட் படம்கூட வேண்டாம், புது ஏரியாவில் சுவரில் பதித்த பிள்ளையார்களை எண்ணினாலே போதும் :-)

சட்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம். 1970-களில் சி.எம்.டி.ஏ., அதன் முதல் மாஸ்டர் பிளான். 2008-ல் இரண்டாவது. லேஅவுட் போட்டால் உள்ளிருக்கும் சாலையை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரணும், பெரிய லேஅவுட் என்றால் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விடணும். ஆனா அனுமதியே வாங்காமல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தோடு விற்ற மனைகள் எத்தனை! 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டதும் ரியல் எஸ்டேட் ஆடிப்போனது நினைவிருக்கும். 2017-ல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள். பணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைக்கும். முட்டி நிற்கும் தெரு முட்டியபடியேதான் நிற்கும், அதற்கு என்ன கட்டணம் கட்டினாலும் அடுத்தவர் சுவர் விலகாது.

இதுக்கு மேல் கேட்டட் கம்யூனிட்டி. நானே ஒன்றில்தான் வாடகைக்கு இருக்கிறேன், பேர் வேண்டாம். பிரதான வாசல் ஒரு சின்னச் சாலையில் திறக்கும், அது ஓ.எம்.ஆரில் போய்ச் சேரும். பின்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கேட். அதற்கு அந்தப் பக்கம் பழைய கிராமத்துத் தெரு. மளிகைக்கடை, கோயில், ஒரு பள்ளிக்கூடம். கேட் வழியாக நூற்றைம்பது அடி. வாசல் வழியாக இரண்டு கிலோமீட்டர். பாதுகாப்பு காரணம் என்று அசோசியேஷன் அதைப் பூட்டியே வைத்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் தினமும் அந்த இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள். நாங்கள் வண்டியில் போனதால் யாருக்கும் உறைக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் மிதந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் முன்சாலையில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. மூணாவது மாடியில் ஒரு மாமாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். இரண்டாவது நாள் அவர் முகம் வீங்க ஆரம்பித்துவிட்டது. முன்பக்கம் ஆம்புலன்ஸ் வர வழியே இல்லை. பழைய கிராமம் எப்போதும் மேட்டில்தானே இருக்கும், ஏரிக்காரர்களுக்குத் தண்ணி எங்கே நிற்கும் என்று தெரியும். பின்தெரு காய்ந்து கிடந்தது. கேட் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் அண்ணன்தான் சுத்தியலால் பூட்டை உடைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் மாமாவை உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்தக் கேட் வழியாகப் போனோம். கிராமத்துப் பையன்கள் ஒரு லோடு ஆட்டோ பிடித்துத் தந்தார்கள். மாமா பிழைத்தார்.

பொங்கல் முடிந்ததும் கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது. பழையதைவிடப் பெரிசு.

2015 டிசம்பரிலும் இதே கதைதான் பல இடங்களில். முடிச்சூரில் படகு விட்டார்கள். தண்ணீர் தேங்கியதற்கு ஏரியையும் வாய்க்காலையும் ஆக்கிரமித்ததுதான் காரணம், அதை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்வது அதற்கு அடுத்த கட்டம். தண்ணீர் வந்த பிறகு எத்தனை வழி மிச்சம் இருக்கிறது? பின்னலில் ஒரு தெரு மூழ்கினால் அடுத்த தெரு. மரத்தில் ஒரு கிளை மூழ்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை இலையும் தீவு. சர்வரை ரிடன்டன்சி இல்லாமல் ஓட்டினால் மேனேஜர் திட்டுவார். ஊரை அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுவர் நமக்குப் புதுசும் இல்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களை ஒதுக்கி 1989-ல் கட்டிய சுவரின் ஒரு பகுதியை 2008-ல்தான் இடித்தார்கள். ஓ.எம்.ஆரிலேயே கண்ணகி நகர் இருக்கிறது. 2000 முதல் நகரத்தின் நடுவிலிருந்து குடிசைவாசிகளை அகற்றி அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டிட அலுவலகங்கள். வேலைக்குப் போக அவர்கள் அங்கே வருகிறார்கள், அங்கிருப்பவர்கள் எத்தனை பேர் அந்தத் தெருவுக்குள் ஒரு தடவையாவது நடந்திருப்பார்கள்? கேட்டட் கம்யூனிட்டி சுவரும் உத்தபுரம் சுவரும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனா "யார் வரலாம்" என்ற கேள்வி இரண்டிலும் செங்கலுக்குள் இருக்கிறது.

முட்டுச்சந்து பிரியர்களின் கட்சியையும் சொல்லணும். அமைதி. குழந்தைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம். தெரியாத ஆள் வந்தால் உடனே தெரியும். எல்லாமே உண்மை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் முதலில் தேடியது அப்படி ஒரு தெருவைத்தான், அவளிடம் போய் கிராஃப் தியரி பேசினால் அடிதான் விழும். ஆனா ராட்பர்ன் காட்டிய வழி அப்படியே இருக்கிறதே. காருக்கு அடையுங்கள், காலுக்குத் திறந்து விடுங்கள். சுவரில் மூணு அடி அகலத்தில் ஒரு திறப்பு, அதில் கார் நுழையாது, பாட்டியும் சைக்கிளும் நாற்காலியில் உட்கார்ந்த மாமாவும் நுழையலாம். செலவு ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி.

அவசரம் என்னவென்றால், தெருவைப் பிறகு மாற்றவே முடியாது. வீட்டை இடிக்கலாம், கடையை மாற்றலாம், பாலம்கூடக் கட்டலாம். தெரு அப்படியே நிற்கும். 1666-ல் லண்டன் நகரமே எரிந்து சாம்பலானது. சில நாட்களுக்குள் கிறிஸ்டோபர் ரென் புது வரைபடத்தோடு மன்னரிடம் போய் நின்றார். அகலமான நேர்ச்சாலைகள், வட்டங்கள். நடக்கவில்லை. சாம்பலுக்கு அடியிலும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சொந்தக்காரர் இருந்தார். கொஞ்சம் அகலப்படுத்தியதோடு சரி, பெரும்பாலும் பழைய சந்துகளின் மேலேயே ஊர் எழுந்தது. தெரு மாறணும்னா எங்கள் ஜார்ஜ் டவுன் மாதிரி பீரங்கி வைத்த கம்பெனி வந்து ஊரையே இடிக்கணும். அது யாருக்கும் வேண்டாம்.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022-ல் பெருநகரப் பகுதியை 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அறிவித்தார்கள். கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதில் பெரும்பகுதி நான் 2000-ஐ ஒட்டி ஓ.எம்.ஆரில் இருந்ததாகச் சொன்ன அதே காட்சிதான்: வயல், ஏரி, கிராமம், நடுநடுவே கொடி கட்டிய மனைகள். இரண்டாவது மாஸ்டர் பிளானின் இலக்கு ஆண்டு 2026. அடுத்ததில் பறக்கும் சாலை எத்தனை, மெட்ரோ எத்தனை என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். "பக்கத்து லேஅவுட்டின் தெரு எங்கே முடிகிறதோ அங்கேதான் உன் தெரு தொடங்கணும்" என்று ஒரு வரி கறாராக இருந்து, அதை ஒருத்தர் கறாராகச் செக் பண்ணினால் எனக்கு அது போதும்.

உங்கள் ஏரியாவையும் அளந்து பார்க்க ஆசையிருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் இலவசம். பைதான் தெரிந்தவர்களுக்கு ஜெஃப் போயிங் எழுதிய ஓ.எஸ்.எம்.என்.எக்ஸ் என்ற லைப்ரரி இருக்கிறது, நாலு வரி கோடில் சராசரி டிகிரி வந்துவிடும். பைதான் தெரியாதவர்கள் சாயந்திரம் ஒரு நடை போய் முட்டுச்சந்தையும் நாற்சந்தியையும் ஒரு பேப்பரில் எண்ணிக்கொண்டு வாருங்கள். அப்படியே உங்கள் வீட்டுக்கு நேர் பின்வீட்டு வாசலுக்கு நடந்து போக எத்தனை நிமிஷம் ஆகிறது என்பதையும் பார்த்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். எனக்கு இருபத்தாறு நிமிஷம்.